மிம்பரைப் பாடசாலையாக்கிய ஆட்சியாளர்: உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்)



வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இமாம் இரண்டாவது குத்பாவை முடிக்கப் போகிறார். அந்த நேரத்தில் ஒரு திருவசனம் உங்கள் காதில் விழும். அந்நஹ்ல் அத்தியாயத்தின் 90ஆவது வசனம் அது. அரபி தெரியாதவருக்கும் அதன் ஓசை பழக்கம். சிறு பிள்ளைகள்கூட அதைக் கேட்டவுடன் தொழுகை நெருங்கிவிட்டது என்று எழுந்து நிற்கத் தயாராகிவிடுவார்கள்.

அந்த ஒரே வசனத்தில் அல்லாஹ் மூன்று காரியங்களை ஏவுகிறான், மூன்று காரியங்களைத் தடுக்கிறான். நீதி செலுத்துவதையும், நன்மை செய்வதையும், உறவினருக்குக் கொடுத்து உதவுவதையும் ஏவுகிறான். மானக்கேட்டையும், தீமையையும், வரம்பு மீறுவதையும் தடுக்கிறான்.

இந்த வசனத்தை ஜும்ஆ குத்பாவின் அந்த இடத்தில் வைத்தவர் யார் என்று யோசித்திருக்கிறீர்களா? அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. இந்த வசனம் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன இருந்தது?

அந்த இடத்தில் திட்டு இருந்தது. ஆம், அல்லாஹ்வின் வீட்டில், மிம்பரின் மேல், வெள்ளிக்கிழமை தோறும் ஒரு ஸஹாபியைத் திட்டும் வழக்கம் இருந்தது. அதை அகற்றி, அந்த இடத்தில் நீதியைப் பற்றிய வசனத்தை வைத்தவர்கள் கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள்.

அவர்கள் ஆட்சி செய்தது சுமார் இரண்டரை ஆண்டுகள்தான். ஹிஜ்ரி 99 ஸஃபர் முதல் 101 ரஜப் வரை, அதாவது கி.பி. 717 முதல் 720 வரை. அந்தக் குறுகிய காலத்தில் அவர்கள் நாடுகளை வென்று பெயர் வாங்கவில்லை. பெரிய மாளிகைகளைக் கட்டவில்லை. மக்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஆட்சியாளர் என்பவர் மக்களின் ஆசிரியர் என்பதைப் புரிந்துகொண்டு ஆண்டவர்கள் அவர்கள். இந்த வாரம் அவர்களுடைய வாழ்க்கையை அந்தக் கோணத்திலிருந்து பார்ப்போம்.

பால்காரப் பெண்ணின் பேரன்

அவர்களுடைய தந்தை அப்துல் அஸீஸ் பின் மர்வான், சுமார் இருபது ஆண்டுகள் எகிப்தின் ஆளுநராக இருந்தவர். தாயார் உம்மு ஆஸிம், இரண்டாம் கலீஃபா உமர் பின் கத்தாப் (ரலி) அவர்களுடைய மகன் ஆஸிமின் மகள்.

அந்த ஆஸிமின் திருமணத்தைப் பற்றிய சம்பவம் உங்களில் பலருக்குத் தெரியும். உமர் (ரலி) அவர்கள் இரவில் நகர்வலம் வரும்போது ஒரு வீட்டில் தாய்க்கும் மகளுக்கும் நடந்த பேச்சைக் கேட்டார்கள். பாலில் தண்ணீர் கலக்கச் சொன்னாள் தாய். கலீஃபா அதைத் தடை செய்திருப்பதை நினைவுபடுத்தினாள் மகள். கலீஃபா இப்போது பார்க்கவா போகிறார் என்றாள் தாய். கலீஃபா பார்க்காவிட்டாலும் கலீஃபாவின் இறைவன் பார்க்கிறான் என்ற பொருளில் பதில் சொன்னாள் மகள். அந்தப் பெண்ணைத்தான் தம் மகனுக்கு மணமுடித்து வைத்தார்கள் உமர் (ரலி) அவர்கள். அந்த வழியில் வந்த பேரப்பிள்ளைதான் நாம் பேசிக்கொண்டிருக்கும் கலீஃபா. இப்படித்தான் வரலாற்று நூல்கள் அறிவிக்கின்றன.

ஒரு உஸ்தாதின் மௌனம்

எகிப்தின் ஆளுநருடைய மகன். வேண்டியதெல்லாம் கிடைக்கும் வீடு. ஆனால் தந்தை மகனை மதீனாவுக்கு அனுப்பினார். ஸஹாபாக்களின் மாணவர்கள் வாழ்ந்துகொண்டிருந்த ஊர் அது. அங்கே ஸாலிஹ் பின் கைஸான் (ரஹ்) அவர்களின் மேற்பார்வையில் சிறுவர் வளர்ந்தார்.

ஒருநாள் ஜமாஅத் தொழுகைக்குத் தாமதமாக வந்தார். உஸ்தாத் காரணம் கேட்டார். தலை வாரிக்கொண்டிருந்ததால் நேரமாகிவிட்டது என்றார் சிறுவர். முடி அலங்காரம் தொழுகையைவிட முக்கியமாகிவிட்டதா என்று உஸ்தாத் வருந்தி, எகிப்துக்குக் கடிதம் எழுதினார். தந்தை என்ன செய்தார் தெரியுமா? உஸ்தாதைக் கண்டிக்கவில்லை. மகனுடைய தலையை மழித்துவிடும்படி ஆளையே அனுப்பினார்.

இன்று மக்தப் உஸ்தாத் பிள்ளையை ஒரு வார்த்தை கண்டித்தால் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதை நாமே நினைத்துப் பார்த்துக்கொள்வோம்.

இதைவிட ஆழமான பாடம் ஒன்று அந்த மதீனாவிலேயே கிடைத்தது. உமய்யா குடும்பத்துக்கும் அலீ (ரலி) அவர்களின் குடும்பத்துக்கும் இருந்த அரசியல் பகை அன்றைய காலத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. அந்தச் சூழலில் வளர்ந்த இந்த இளைஞரும், வீட்டில் கேட்டதைக் கேட்டபடியே அலீ (ரலி) அவர்களைப் பற்றித் தரக்குறைவாகப் பேசியிருக்கிறார். அது அவர்களுடைய ஆசிரியர் உபைதுல்லாஹ் பின் அப்துல்லாஹ் பின் உத்பா (ரஹ்) அவர்களின் காதுக்குப் போனது. மதீனாவின் ஏழு பெரும் ஃபகீஹ்களில் ஒருவர் அவர்.

பாடத்துக்கு வந்த மாணவரை ஆசிரியர் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. தொழ நின்றுவிட்டார். தொழுகை நீண்டுகொண்டே போனது. மாணவர் காத்திருந்தார். கடைசியில் ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பத்ருப் போரில் கலந்துகொண்டவர்களைப் பொருந்திக்கொண்ட அல்லாஹ், அதன்பிறகு அவர்கள்மீது கோபம் கொண்டான் என்ற செய்தி உமக்கு எப்போது வந்தது என்பதுதான் அந்தக் கேள்வி.

இளைஞருக்குப் புரிந்துவிட்டது. அந்த இடத்திலேயே அல்லாஹ்விடமும் ஆசிரியரிடமும் மன்னிப்புக் கேட்டார். இனி அப்படிப் பேசுவதில்லை என்று வாக்குக் கொடுத்தார். அதன்பிறகு அலீ (ரலி) அவர்களைப் பற்றி நன்மையைத் தவிர வேறெதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

சகோதரர்களே, இந்தச் சம்பவத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெறுப்பு ஒரு பிள்ளைக்குத் தானாக வருவதில்லை. பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுத்தான் வருகிறது. ஆனால் நல்ல ஆசிரியர் ஒருவர் அமைந்தால் அதை வேரோடு பிடுங்கவும் முடியும். பல ஆண்டுகள் கழித்து இந்த மாணவர் ஒரு பேரரசு முழுவதற்கும் அதே பாடத்தை நடத்தினார்.

தவறியதும் திருந்தியதும்

ஹிஜ்ரி 87இல் கலீஃபா வலீத் அவர்களை மதீனாவின் ஆளுநராக நியமித்தார். அப்போது வயது இருபத்தைந்து அளவில்தான். பதவியேற்றதும் மதீனாவின் பத்து ஃபகீஹ்களை அழைத்தார்கள். அவர்களைக் கலந்து ஆலோசிக்காமல் எந்த முடிவும் எடுப்பதில்லை என்றும், அதிகாரிகள் யாராவது அநியாயம் செய்வது தெரிந்தால் தம்மிடம் சொல்லியாக வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்கள். மஸ்ஜிதுந் நபவியின் பெரும் விரிவாக்கமும் அவர்களுடைய மேற்பார்வையில்தான் நடந்தது.

ஆனால் அவர்கள் அப்போது நாம் இன்று அறிந்த எளிமையான மனிதர் அல்ல. விலை உயர்ந்த ஆடை, வந்து போன வழியெல்லாம் மணக்கும் அத்தர், இளைஞர்கள் பார்த்துப் பழகிய ஒரு தனி நடை. இவையெல்லாம் இருந்தன.

ஒரு பெரிய தவறும் நடந்தது. வலீதின் உத்தரவின்படி, அப்துல்லாஹ் பின் ஸுபைர் (ரலி) அவர்களின் மகன் குபைபுக்குக் கசையடி கொடுக்க வைத்தார்கள். கடும் குளிரில் அவர்மீது தண்ணீர் ஊற்றப்பட்டது. குபைப் இறந்துபோனார். மேலிடத்து உத்தரவைத்தான் நிறைவேற்றினோம் என்று உமர் சமாதானம் தேடிக்கொள்ளவில்லை. வாழ்நாள் முழுவதும் அந்த மரணம் அவர்களை வருத்தியது. யாராவது நற்செய்தி சொல்லிப் பாராட்டினால்கூட குபைபை நினைத்துக் கலங்கினார்கள் என்று நூல்களில் வருகிறது.

இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. கற்றுக்கொடுப்பவர் முதலில் தம் தவறிலிருந்து கற்றுக்கொண்டவராக இருக்க வேண்டும்.

விரும்பாமல் வந்த பதவி

ஹிஜ்ரி 99இல் ஷாம் நாட்டின் வடக்கே தாபிக் என்ற இடத்தில் கலீஃபா சுலைமான் மரணப் படுக்கையில் இருந்தார். அருகிலிருந்த பெரும் ஆலிம் ரஜா பின் ஹைவா (ரஹ்) அவர்கள், உம்மத்துக்கு ஒரு நல்ல மனிதரைக் கொடுத்துவிட்டுப் போகும்படி ஆலோசனை சொன்னார்கள். சுலைமான் தம் சிற்றப்பா மகனான உமரின் பெயரை எழுதி முத்திரை வைத்தார். உறையைப் பிரிக்காமலேயே உமய்யா குடும்பத்தாரிடம் பைஅத் வாங்கப்பட்டது.

சுலைமான் இறந்ததும் பள்ளிவாசலில் உறை பிரிக்கப்பட்டது. தம் பெயரைக் கேட்டு உமர் இடிந்துபோனார்கள். மிம்பரில் ஏறி, தம்மிடம் கேட்காமலும் மக்களிடம் ஆலோசிக்காமலும் இந்தப் பொறுப்பு தம்மேல் சுமத்தப்பட்டதை எடுத்துச் சொன்னார்கள். மக்கள் கழுத்திலுள்ள பைஅத்தை அவிழ்த்துவிடுவதாகவும், விரும்பியவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றும் அறிவித்தார்கள். மக்கள் ஒரே குரலில் அவர்களையே தேர்ந்தெடுத்தார்கள்.

கலீஃபா என்றால் என்ன என்று மக்களுக்கு அப்போதே பாடம் தொடங்கிவிட்டது. தாம் புதிய சட்டம் இயற்ற வந்தவர் அல்ல, அல்லாஹ்வின் சட்டத்தை நிறைவேற்ற வந்தவர் என்று விளக்கினார்கள். தாம் மற்றவர்களைவிட உயர்ந்தவர் அல்ல, சுமைதான் தமக்கு அதிகம் என்றார்கள். தம்மோடு பழக விரும்புகிறவர்களுக்கு நிபந்தனைகளும் போட்டார்கள். தம்மிடம் வர முடியாத ஏழையின் தேவையைத் தம்மிடம் கொண்டுவர வேண்டும். நீதிக்கு வழி காட்ட வேண்டும். யாரைப் பற்றியும் புறம் பேசக் கூடாது. இதைக் கேட்டதும் புகழ்பாடி பரிசு வாங்கிப் பழகிய கவிஞர்கள் விலகிப் போனார்கள், ஃபகீஹ்களும் நல்லடியார்களும் நெருங்கி வந்தார்கள்.

முதல் பாடம் சொந்த வீட்டில்

அரசவைக் குதிரைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவற்றை விற்று பைத்துல் மாலில் சேர்க்கச் சொல்லிவிட்டு, தம் சொந்தக் கோவேறு கழுதையில் ஏறிப் போனார்கள்.

மனைவி ஃபாத்திமா, கலீஃபா அப்துல் மலிக்கின் மகள். அவருடைய சகோதரர்களில் நான்கு பேர் கலீஃபாக்கள். தந்தை கொடுத்த விலைமதிப்பில்லாத நகை அவரிடம் இருந்தது. அந்த நகையும் தாமும் ஒரே வீட்டில் இருக்க முடியாது, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று உமர் சொல்ல, அந்தப் பெண்மணி தயங்காமல் நகையை பைத்துல் மாலுக்குக் கொடுத்துவிட்டார். உமர் இறந்த பிறகு, அடுத்து கலீஃபாவான அவருடைய சகோதரர் யஸீத் அதைத் திருப்பித் தர முன்வந்தார். கணவர் உயிரோடு இருந்தபோது மனமுவந்து கொடுத்ததை அவர் இறந்த பின் வாங்கிக்கொள்ள ஃபாத்திமா மறுத்துவிட்டார்.

தமக்கு வந்திருந்த நிலங்களையும் உமர் திருப்பிக் கொடுத்தார்கள். உறவினர்கள் முறையின்றிச் சேர்த்துவைத்திருந்தவற்றையும் மீட்டார்கள். ஆட்சிப் பணிக்கு எரிந்த அரசு விளக்கை, சொந்த விஷயம் பேச்சில் வந்ததும் அணைத்துவிட்டுத் தம் சொந்த விளக்கை ஏற்றச் சொன்ன சம்பவத்தை நாம் பல பயான்களில் கேட்டிருக்கிறோம்.

பைத்துல் மால் பற்றி மக்களுக்கு ஆயிரம் குத்பா ஓதுவதைவிட, அந்த ஒரு விளக்கை அணைத்தது பெரிய பாடம். மக்கள் தலைவருடைய பேச்சைக் காதால் கேட்கிறார்கள். அவருடைய நடத்தையைத்தான் பின்பற்றுகிறார்கள்.

மிம்பர் மாறியது

இப்போது நாம் தொடங்கிய இடத்துக்கு வருவோம். கலீஃபாவானதும் உமர் எல்லா ஊர்களுக்கும் உத்தரவு அனுப்பினார்கள். மிம்பரில் அலீ (ரலி) அவர்களைத் திட்டுவது நிறுத்தப்பட வேண்டும். அந்த இடத்தில் நீதியையும் நன்மையையும் ஏவும் அந்த வசனம் ஓதப்பட வேண்டும்.

இதன் ஞானத்தைக் கவனியுங்கள். கெட்ட வழக்கத்தை நிறுத்துங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தால் அந்த இடம் வெற்றிடமாக இருந்திருக்கும். பழக்கம் மீண்டும் நுழைந்திருக்கும். வெறுப்பை எடுத்த இடத்தில் நீதியை வைத்தார்கள். பிறரைத் திட்டிய நாவுக்கு, அத்துமீறலைத் தடுக்கும் வசனத்தைக் கொடுத்தார்கள். சில பத்தாண்டுகளாக வாரா வாரம் திட்டைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து வேறு பாடம் தொடங்கியது.

சிறுவயதில் ஒரு ஆசிரியர் கேட்ட ஒற்றைக் கேள்வியின் பலன் இது. அந்த ஆசிரியர் உபைதுல்லாஹ் (ரஹ்) இதைப் பார்க்க உயிரோடு இல்லை. ஆனால் அந்த வசனம் ஓதப்படும் ஒவ்வொரு ஜும்ஆவின் நன்மையிலும் அவருக்கும் பங்கு இருக்கும் என்று நாம் அல்லாஹ்விடம் ஆதரவு வைக்கலாம்.

பாலைவனம் வரை ஆசிரியர்கள்

தலைநகர மக்களுக்கு ஆலிம்கள் இருந்தார்கள். ஆனால் பாலைவனத்தில் ஒட்டகத்தோடு அலையும் கிராமவாசிக்கு யார் சொல்லிக்கொடுப்பது? அதற்காகவே இரண்டு ஆலிம்களை உமர் நியமித்து, அரசு ஊதியமும் ஏற்பாடு செய்தார்கள். யஸீத் பின் அபீ மாலிக் என்பவர் ஊதியத்தைப் பெற்றுக்கொண்டார். ஹாரிஸ் என்ற மற்றவர், அல்லாஹ் தமக்குக் கொடுத்த கல்விக்குக் கூலி வாங்க மனமில்லை என்று மறுத்துவிட்டார். செய்தி கலீஃபாவுக்குப் போனது. யஸீத் செய்ததில் தவறேதும் இல்லை என்று எழுதினார்கள். ஹாரிஸைப் போன்றவர்களை அல்லாஹ் அதிகமாக்க வேண்டும் என்றும் துஆ செய்தார்கள்.

எவ்வளவு நேர்த்தியான பதில் பாருங்கள்! வாங்கியவரும் நோகவில்லை. மறுத்தவரும் மதிக்கப்பட்டார். நம் ஊர்களில் இமாமுடைய சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது இந்தப் பதில் நினைவில் இருக்கட்டும்.

மதீனாவின் பெரும் அறிஞர் நாஃபிஉ (ரஹ்) அவர்களை எகிப்து மக்களுக்கு சுன்னத்துகளைக் கற்றுக்கொடுக்க அனுப்பினார்கள். வட ஆப்பிரிக்காவுக்குப் பத்து தாபியீன்களை அனுப்பினார்கள். அங்கே ஆளுநராகப் போன இஸ்மாயீல் பின் உபைதுல்லாஹ்வும் ஆலிம்தான். அவர்களுடைய உழைப்பால் பர்பர் மக்கள் பெருமளவில் தீனைக் கற்றார்கள். ஹிம்ஸ் நகர ஆளுநருக்கு எழுதி, உலகத் தேட்டத்தை விட்டுவிட்டுப் பள்ளிவாசலில் கல்விக்காகவே உட்கார்ந்திருப்பவர்களுக்கு பைத்துல் மாலிலிருந்து ஆளுக்கு 100 தீனார் கொடுக்கச் சொன்னார்கள்.

சிந்து நாட்டு மன்னர்களுக்கும் கடிதம் எழுதி, படையெடுக்காமல் அழைப்பு விடுத்தார்கள். மன்னர் தாஹிரின் மகன் உட்படச் சிலர் அந்த அழைப்பை ஏற்று இஸ்லாத்துக்கு வந்ததாக பலாதுரீ பதிவு செய்கிறார்.

கல்வி அழிந்துவிடக் கூடாது

அந்தக் காலத்தில் ஹதீஸ்கள் பெரும்பாலும் அறிஞர்களின் நெஞ்சங்களில் இருந்தன. ஸஹாபாக்களில் கடைசியாக எஞ்சியவர்களும் மறைந்துகொண்டிருந்தார்கள். அறிஞர் ஒருவர் இறந்தால் அவரோடு ஒரு நூலகமே மண்ணுக்குள் போய்விடும். இதை உணர்ந்த உமர், மதீனாவின் ஆளுநராக இருந்த அபூபக்ர் பின் ஹஸ்ம் (ரஹ்) அவர்களுக்கு, நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ்களைத் தேடி எழுதும்படி கட்டளையிட்டார்கள். ஆலிம்கள் பொதுவில் அமர்ந்து தெரியாதவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், கல்வி இரகசியமாக்கப்படும்போதுதான் அழிகிறது என்ற கருத்தையும் அதில் எழுதினார்கள். இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தம் ஸஹீஹ் நூலின் கல்வி அத்தியாயத்தில் இந்தக் கடிதத்தைக் குறிப்பிடுகிறார்கள்.

இப்னு ஷிஹாப் அஸ்ஸுஹ்ரீ (ரஹ்) அவர்களும் கலீஃபாவின் கட்டளைப்படி ஹதீஸ்களைத் தொகுத்தார்கள். அந்த ஏடுகளின் பிரதிகள் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளுக்கு அனுப்பப்பட்டன. பின்னால் வந்த பெரிய ஹதீஸ் நூல்களுக்கு வழி திறந்த முயற்சி இது.

மார்க்கக் கல்வியோடு நின்றுவிடவில்லை. அரபியில் மொழிபெயர்க்கப்பட்ட அஹ்ரூன் என்பவரின் மருத்துவ நூல் ஒன்று அரசு நூலகத்தில் இருந்தது. உமர் அதைத் தம் தொழும் இடத்தில் வைத்துக்கொண்டு, மக்களுக்கு வெளியிடலாமா என்று நாற்பது நாள் இஸ்திகாரா செய்து, பிறகு பொதுமக்கள் பயன்பெற வெளியிட்டார்கள் என்று மருத்துவ வரலாற்றாசிரியர் இப்னு ஜுல்ஜுல் எழுதுகிறார்.

அதிகாரிகளுக்கும் பாடம்

குராஸானில் புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர்களிடம் தொடர்ந்து ஜிஸ்யா வசூலித்து வந்தார்கள். வருமானம் குறைந்துவிடுமே என்பது அதிகாரிகளின் கவலை. நபி (ஸல்) அவர்களை அல்லாஹ் அழைப்பாளராகத்தான் அனுப்பினான், வரி வசூலிப்பவராக அனுப்பவில்லை என்ற கருத்தைச் சொல்லி அந்த வரியை நிறுத்த வைத்தார்கள் உமர்.

தங்கள் நகரத்தைத் தளபதி குதைபா ஏமாற்றிப் பிடித்துவிட்டதாக ஸமர்கந்து மக்கள் முறையிட்டார்கள். கலீஃபா அதை ஒரு காழியின் விசாரணைக்கு விட்டார்கள். முஸ்லிம் படை வெளியேற வேண்டும் என்று காழி தீர்ப்பளித்தார். இந்த நீதியைப் பார்த்த மக்கள், இருப்பது அப்படியே இருக்கட்டும் என்று தாங்களே பொருந்திக்கொண்டார்கள்.

ஆட்சிக்கு எதிராகக் கிளம்பிய கவாரிஜ்களுக்கு, சண்டையைத் தொடங்குமுன் கடிதம் அனுப்பினார்கள். வந்து பேசுங்கள், யாரிடம் நியாயம் இருக்கிறது என்று பார்ப்போம் என்பது அதன் சாரம். அவர்கள் அனுப்பிய இரண்டு பேரோடு கலீஃபாவே உட்கார்ந்து விவாதித்தார்கள்.

எகிப்தில் ஒட்டகங்களின்மேல் 1000 ராத்தல் வரை பாரம் ஏற்றுவதாகக் கேள்விப்பட்டு, 600 ராத்தலுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று எழுதினார்கள். வாயில்லாப் பிராணிக்கும் அந்த வசனத்தின் நீதி போய்ச் சேர்ந்தது.

அவசரப்பட்ட மகனுக்குச் சொன்னது

அவர்களுடைய மகன் அப்துல் மலிக் இளம் வயதிலேயே பெரும் இறையச்சம் உடையவர். எல்லாத் தீமைகளையும் உடனே ஒழித்துக்கட்டாமல் ஏன் தாமதம் என்று தந்தையிடம் கேட்டார். சத்தியத்துக்காகத் தாங்கள் இருவரும் கொதிக்கும் பானையில் போடப்பட்டாலும் கவலையில்லை என்றார்.

தந்தை பொறுமையாக விளக்கினார்கள். குர்ஆனில் அல்லாஹ் மதுவை இரண்டு முறை பழித்துக் காட்டிவிட்டு மூன்றாவது முறைதான் தடை செய்தான். சத்தியம் முழுவதையும் ஒரே நாளில் மக்கள்மேல் சுமத்தினால், அவர்கள் அதை ஒரே நாளில் தூக்கி எறிந்துவிடுவார்கள். அதனால் பெரிய குழப்பம் வரும் என்று தாம் அஞ்சுவதாகச் சொன்னார்கள்.

ஆசிரியருக்கும் அதிகாரிக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். அதிகாரி உத்தரவு போட்டுவிட்டுப் போய்விடுவார். ஆசிரியர் மாணவர் ஏற்றுக்கொள்ளும் அளவுக்குக் கொடுத்து, அடுத்த படிக்கு அழைத்துப் போவார். அந்த மகன் தந்தைக்கு முன்பே, இருபது வயதைத் தொடும் முன் இறந்துபோனார். தந்தை கப்ரருகே நின்று, தம் மகனை முழுமையாகப் பொருந்திக்கொண்டதை எல்லோர் முன்னும் சொன்னார்கள்.

மக்களின் பேச்சு மாறியது

ஒரு ஆட்சியாளர் மக்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தார் என்பதை எப்படி அளப்பது? வரலாற்றாசிரியர் தபரீ ஒரு அழகான அளவுகோலைத் தருகிறார்.

வலீதுக்குக் கட்டடங்களில் ஆசை. அவருடைய காலத்தில் இரண்டு பேர் சந்தித்தால் கட்டடங்களைப் பற்றித்தான் பேசுவார்கள். சுலைமானுக்குத் திருமணத்திலும் உணவிலும் விருப்பம். அவர் காலத்தில் மக்களின் பேச்சும் அதுவாகவே இருந்தது. உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் காலத்தில் இரண்டு பேர் சந்தித்தால், இரவு எவ்வளவு ஓதினீர், குர்ஆனில் எவ்வளவு மனப்பாடம், இந்த மாதம் எத்தனை நோன்பு என்று விசாரித்துக்கொண்டார்கள்.

மூன்று காலத்திலும் அதே மக்கள்தான், அதே தெருக்கள்தான். ஆசிரியர் மாறினார், பேச்சு மாறியது.

பிரியாவிடை

ஹிஜ்ரி 101 ரஜபில், நாற்பது வயதளவில், ஷாமிலுள்ள தைர் ஸம்ஆன் என்ற இடத்தில் அவர்கள் மறைந்தார்கள். உறவினர்கள் பணம் கொடுத்து ஒரு பணியாளர் மூலம் விஷம் வைத்ததாக அறிவிப்புகளில் வருகிறது. அந்தப் பணியாளரை அழைத்து, வாங்கிய 1000 தீனாரை பைத்துல் மாலில் போட வைத்து, யார் கண்ணிலும் படாமல் போய்விடும்படி அனுப்பிவிட்டார்கள். மரணப் படுக்கையிலும் நடந்த பாடம் இது. பொதுப்பணத்தில் கறார், தம்மைக் கொன்றவரிடம் மன்னிப்பு.

பின்னால் வந்தவர்கள் அவர்களுடைய சீர்திருத்தங்களில் பலவற்றைக் கைவிட்டார்கள். ஆனால் மிம்பரில் வைத்த அந்த வசனம் இன்றும் நிற்கிறது. இன்று சுமார் 1300 ஆண்டுகள் ஆகின்றன.

நமக்கு என்ன பாடம்?

சகோதரர்களே! நம்மில் யாரும் கலீஃபா இல்லை. ஆனால் நாம் ஒவ்வொருவரும் ஒரு சிறு கூட்டத்துக்குப் பொறுப்பாளி. ஒருவர் வீட்டுக்குத் தலைவர், ஒருவர் ஜமாஅத் நிர்வாகி, ஒருவர் கடை முதலாளி. உங்களுக்குக் கீழே இருப்பவர்கள் உங்களிடமிருந்து என்ன கற்றுக்கொள்கிறார்கள்? சாப்பாட்டு விரிப்பில் உட்கார்ந்து சொந்தக்காரரை, பக்கத்து மஹல்லாவை, வேறு கருத்துடைய ஆலிமை, வேறு மதத்து அண்டை வீட்டாரை நாம் திட்டும்போது, பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நமது வீட்டு மிம்பர் அதுதான்.

வரும் வெள்ளிக்கிழமை அந்த வசனம் காதில் விழும்போது, எழுவதற்கு அவசரப்படாமல் ஒரு நொடி நில்லுங்கள். அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். நம் நாவில் திட்டு இருக்கும் இடம் எது என்று தேடி, அங்கே நீதியான ஒரு சொல்லை வைப்போம். இன்றிரவு வீட்டில் பிள்ளைகளிடம் இந்தக் கலீஃபாவின் கதையைச் சொல்லுங்கள். தலைமழித்த சம்பவத்தையும் உஸ்தாதின் ஒற்றைக் கேள்வியையும் சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளை வெறுப்பிலிருந்து தூய்மையாக்குவாயாக! எங்கள் பிள்ளைகளுக்கு நல்ல ஆசிரியர்களைத் தருவாயாக! எங்கள் பொறுப்பாளர்களுக்கு நீதியையும், பொதுப்பணத்தில் பேணுதலையும் தருவாயாக! கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களுடைய கப்ரை ஒளிமயமாக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.